உரிமைச் சீட்டும் கட்டட ஒப்பந்தமும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்பது நம் முன்னோர் மொழி. வீடு கட்டுவோர் படும் இடரையே அது குறிக்கும். கட்டிக்கொடுப்போர்க்கும் இடருண்டு என்பதை அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தால் யாம் அறிந்தோம். அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கட்டட ஒப்பந்தக்காரர்க்கு ‘லைசென்சு’ என்னும் உரிமைச் சீட்டு வழங்கும் கழகம் ஒன்று அம்மாநிலத்தில் 1929-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. சீட்டு வேண்டுவோர் பொதுவாக நான்காண்டுத் தொழிற்பயிற்சி உடையராதல் வேண்டும். தேர்வுகளில் தேறல் வேண்டும். 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரமும் கொடுத்தல் வேண்டும். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குட்பட்ட சிறு வேலைக்கு, அது கட்டட அனுமதி வேண்டாததாகவும் ஆள் வைத்துச் செய்யாததாகவும் இருப்பின், சீட்டு வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு இறுதி வரை இவ்வெல்லை 500 டாலராக இருந்தது.

அங்ஙனமாகச் சீட்டில்லாரை மக்கள் நாடுவது எற்றுக்கு? அவர் கேட்கும் தொகை குறைவு என்பதே காரணம். பிணைக்கும் காப்புறுதிக்கும் செலவு செய்யாதவர் குறைத்துக் கேட்டல் இயல்பே. ஆயினும், சுவர் பிளந்தாலும் கூரை ஒழுகினாலும் ஈடு கோருதற்கு அவரிடம் பிணைப்பத்திரம் இராது. சாரத்தினின்று கூலியாள் ஒருவர் வீழ்ந்து காயமுற்றால், அதற்குரிய பொறுப்பு வீட்டுக்காரர் தலைமேலேயே வரவும் கூடும்.

இனி, வேலை செய்தவர் நிலையை நோக்குவோம். எம் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது இதுவே. சீட்டின்றிச் செய்த வேலைக்குக் கூலி கேட்டு அவர் வழக்கிடல் இயலாது. வேலை பழுதற்றதாயினும் இயலாது. சீட்டில்லை என்று அறிந்தே அமர்த்தி, கூலி தருவதாகப் பொய்யுரைத்து வேலை வாங்கினாராயினும் இயலாது என்று அம்மாநிலத் தலைமை நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர் வழக்கிடவும் சட்டம் இடந்தருகின்றது. செங்கல்லுக்கும் மரத்துக்கும் செலவிட்ட தொகையும் அதிற் கழியாது. இவையன்றி, முதற் குற்றத்திற்கே ஆறு திங்கள் வரை சிறையும் 5,000 டாலர் வரை தண்டமும் உண்டு.

இஃது மிகக் கொடிதன்றோ எனின், கொடிதே. ஆயினும் அதன் நோக்கம் பொதுமக்களைக் காத்தல். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் மூண்ட பெருந்தீயில் ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. வீடிழந்து நிற்போரை ஏமாற்றுதல் எளிது. ஆதலின், பேரிடர்ப் பகுதியெனச் சாற்றப்பட்ட இடத்திற் சீட்டின்றிச் செப்பனிட முற்படுதலைச் சட்டம் பெருங்குற்றமாகவே கருதுகின்றது.

சீட்டு என்பது வெறுந் தாளன்று. உழைத்தவர் தம் கூலியைக் கேட்டுப் பெறுதற்குரிய வாயும் அதுவே. கரணையைக் கையிலெடுக்குமுன் சீட்டைப் பெறுதல் தொழிலாளர்க்குக் காப்பு. அச்சீட்டின் எண்ணைக் கழகத்தில் விசாரித்தறிந்த பின்னரே பணப்பையை அவிழ்த்தல் வீட்டுக்காரர்க்கு அறிவு.