கேட்டு எழுதும் தொழில்

மும்பையை ஒட்டிய தாணேயில் கோட்பந்தர் ரோடு நெடுகக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பே விளம்பரப் பலகைகள் எழும்பிவிடுகின்றன. மலையைப் பார்த்தபடி கண் விழிக்கலாம், ஸ்டேஷன் பக்கத்திலேயே என்று ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வரி. அந்த வரியை ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார், அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறார். சோப்பு உறையின் பின்பக்கம், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, ரேடியோவில் பத்து நொடி வந்துபோகும் குரல் எல்லாமே அவர் கைவேலைதான். காப்பிரைட்டர் என்று பெயர். மாதச் சம்பளம் இல்லாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசி எழுதினால் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர்.

மும்பை இந்தத் தொழிலில் ஊறிய ஊர். 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் குழு அமுல் வெண்ணெய்க்குப் புள்ளிக் கவுன் போட்ட சிறுமியைக் கொண்டுவந்தது இங்கேதான். பியூஷ் பாண்டே ராஜஸ்தானுக்காக ரஞ்சி ஆடியவர், தேயிலை ருசி பார்க்கும் வேலை செய்தவர். 1982இல் ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தபோதும் கிளையன்ட்டுகளைக் கவனிக்கும் பிரிவில்தான் சேர்ந்தார். எழுத்துப் பக்கம் வந்தது பிறகு. லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தை வழிநடத்திய தமிழர் ஆர். பால்கி ‘சீனி கம்’, ‘பா’ படங்களையும் இயக்கினார். பட்டம் என்ன என்று இந்தத் தொழில் பெரிதாகக் கேட்பதில்லை. எழுதியதைக் காட்டு என்றுதான் கேட்கிறது.

எழுத்துத் திறமை இருந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழகாக எழுதுவதை விட நன்றாகக் கேட்பதுதான் இங்கே முதல் திறமை. 1958இல் ஓகில்வி நிறுவனர் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு உலகப் புகழ் பெற்றது: அறுபது மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் அதன் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற பொருள்பட வரும். அது அவர் கற்பனையில் உதித்ததல்ல. காரைப் பற்றி மூன்று வாரம் படித்துக் கொண்டிருந்தவர், மோட்டார் பத்திரிகை ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னதிலிருந்து அதை எடுத்தார்.

இதையே நம் பக்கம் வைத்துப் பார்ப்போம். தாராவியில் சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோல் தொழிலை அங்கே வேரூன்ற வைத்ததில் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படி ஒரு கடைக்காரர் ஆபீஸ் பைக்கு நோட்டீஸ் எழுதக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்தில் எழுதினால் ‘உயர்தரத் தோலில் நவீன வடிவமைப்பு’ என்றுதான் வரும். அந்த வரியை எந்தக் கடை வாசலிலும் ஒட்டலாம் என்பதே அதன் குறை.

கடைக்குப் போய், “பாய், ரிப்பேருக்கு வர்ற பையெல்லாம் எங்கே பிஞ்சு வருது?” என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். “வார் சேர்ற இடத்துலதான் தம்பி. நாங்க அந்த இடத்துல உள்ளே இன்னொரு தோல் வெச்சுத் தைக்கிறோம். வெளியே தெரியாது.” சரக்கு இதுதான். பிறகு வரி தானாக வரும்: ‘டப்பா, குடை, லேப்டாப். மூன்றையும் போட்டுக்கொண்டு லோக்கலில் ஏறுங்கள். வார் தாங்கும்.’ கீழே சின்ன எழுத்தில், வார் சேரும் இடத்தில் இரட்டைத் தோல் என்று காரணம். தாணே ஸ்டேஷனில் காலையில் ஏறி இறங்குகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெரிய ஏஜென்சிகளின் கதவைத் தட்டிக் காத்திருப்பதை விட வாக்ளே எஸ்டேட்டின் சிறு தொழிற்சாலைகள், செம்பூர் கிளினிக்குகள், மாட்டுங்கா கடைகள் என்று தொடங்குவது நல்லது. முதலாளியே நேரில் பேசுவார். எழுதியது விற்பனைக்கு உதவியதா என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். காட்டுவதற்கு வேலை எதுவும் கையில் இல்லாத புதியவர், நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பொருளுக்குத் தாமே எழுதிப் பார்த்து, மாதிரி என்று தெளிவாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழும் இந்தியும் சேர்ந்து தெரிந்தவருக்கு இன்னொரு வாசல் உண்டு. இந்தியில் எடுத்த விளம்பரப் படத்தைத் தமிழில் பேச வைக்கும் வேலை அது. இரண்டு மொழியிலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால் முகபாவம் ஓரளவு தானாகப் பொருந்தும். உதடுதான் சிக்கல். ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்டும். திரையில் உதடு ஒட்டும் நொடியில் தமிழிலும் அந்த எழுத்து வர வேண்டும், குறைந்தபட்சம் குளோசப்பிலாவது. தமிழ்ச் சொற்கள் விகுதி சேர்ந்து நீளும், ஆனால் படம் நொடிக் கணக்கில்தான் ஓடும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பார்த்து வெட்டியே ஆக வேண்டும். ‘கறை நல்லது’ என்று சர்ஃப் எக்ஸெல் சலவைத்தூள் விளம்பரம் இரண்டே சொல்லில் நின்றதைக் கவனியுங்கள். வெறும் மொழிபெயர்ப்பை இயந்திரமே நொடியில் தந்துவிடும் காலம் இது. உதடு, நொடி, அந்தப் பாத்திரம் எந்த ஊர்க்காரி என்பது வரை பார்த்து எழுதுகிறவருக்குத்தான் இனி ரேட் நிற்கும் என்பது என் எண்ணம்.

எதை எழுதக் கூடாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் வீட்டுத் திட்ட விளம்பரத்தில் மகாரேரா (மாநில வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணோடு கியூஆர் கோடும் கட்டாயம். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் இழப்பீடு கேட்க 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டமான ரேரா இடம் தருகிறது. ‘ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிடம்’ என்று எழுதச் சொன்னால், எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று கேட்பது எழுதுகிறவரின் கடமை. சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. மும்பையில் இயங்கும் ஆஸ்கி என்ற விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 1985 முதல் விளம்பரப் புகார்களை விசாரித்து வருகிறது.

காசு விஷயத்தில் கூச்சம் உதவாது. வேலை தொடங்கும் முன் ஒரு மெயில் போதும்: என்ன எழுதித் தர வேண்டும், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு அட்வான்ஸ், மீதி எந்தத் தேதியில். திருத்தத்துக்கு எல்லை போடாவிட்டால் ஒரே நோட்டீஸ் மாதக் கணக்கில் இழுக்கும். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்கிறவரும் அதில் குறுந்தொழில்தான். 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும். காரணம், நாள் கடந்து கொடுக்கும் தொகையை, கொடுத்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் அவர்களால் செலவாகக் காட்ட முடியும். பணம் தரும்போதே வரியாக 10% டிடிஎஸ் பிடித்தார்கள் என்றால் பணம் போய்விட்டது என்று வருந்த வேண்டாம். ரிட்டர்ன் போடும்போது அது வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பி வரும்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையும் அந்த மெயிலிலேயே எழுதிவிடலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸாக எழுதினால் முதல் உரிமை எழுதியவருக்கு, அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கை மாறும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு சொல் வாசகத்துக்குப் பொதுவாக இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. முழு நோட்டீஸ், ரேடியோ ஸ்க்ரிப்ட், விளக்கப் புத்தகம் போன்றவற்றுக்கு உண்டு. தாணே கடைக்கென்று எழுதிய ஸ்க்ரிப்ட்டைத் துபாய்க் கிளைக்கும் ஓட்டப் போகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அதற்கான ரேட்டையும் அப்போதே பேசிவிடலாம்.