கூட்டு லாபம், தனித்தனி நட்டம்

ஒசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள் பலவற்றில் 'ஹீட் ட்ரீட்மென்ட்' உலை இருப்பதில்லை. உதிரிபாகத்தைக் கடைந்து முடித்ததும், அந்த வேலைக்கென இயங்கும் வேறொரு கூடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஓர் உலையின் செலவைப் பல பட்டறைகள் பகிர்ந்துகொள்வதால்தான் ஒவ்வொன்றும் பிழைக்கிறது. சிறிய எண்ணெய் வயல்களின் பொருளியலும் இதுவே.

கிருஷ்ணகிரியின் கருங்கல் பாறைக்கு அடியில் எண்ணெய் கிடையாது. அது படிவுப் பாறைகளில் தங்குவது. நம் மாநிலத்தில் அது காவிரிப் படுகையில், நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் எனச் சிதறிக் கிடக்கிறது. கிணற்றிலிருந்து வருவது எண்ணெய் மட்டுமன்று. எரிவாயுவும் உப்புநீரும் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரிக்கும் கலன், சேமிப்புத் தொட்டி, சாலை, மின்சாரம் ஆகியவற்றை ஒவ்வொரு வயலுக்கும் தனியே அமைத்தால் முதலீடே திரும்பாது. அண்டை வயல்களைக் குழாய்களால் ஒரே சேகரிப்பு நிலையத்தோடு இணைத்தால் கணக்கு மாறுகிறது. பழைய வயலில் ஊற்று குறையும்போது, அங்கே சும்மா கிடக்கும் வசதி புதிய வயலுக்குப் பயன்படும். இரண்டின் ஆயுளும் நீளும். பனங்குடியில் 1993-இல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுடன் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும், குத்தாலம், திருமாகோட்டை எரிவாயு மின்நிலையங்களும் இத்தகைய இணைப்பால் உருவானவையே.

அண்டை வயல்கள் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1930-இல் கண்டறியப்பட்ட கிழக்கு டெக்சாஸ் வயல் சான்று. பூமிக்கடியில் ஒரே ஊற்று. மேலே ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள். பக்கத்துக்காரர் உறிஞ்சுவதற்குள் நாம் உறிஞ்சிவிட வேண்டும் என்று ஆளாளுக்குக் கிணறு தோண்டினர். விலை சரிந்தது, ஊற்றின் அழுத்தமும் வீணானது. 1931-இல் மாநில ஆளுநர் படையை அனுப்பி உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று.

தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியா, இந்தக் கூட்டு முறையை நாடுவதில் வியப்பில்லை. கண்டறியப்பட்ட சிறு வயல்களுக்கான கொள்கை 2015-இல் வந்தது. மறு ஆண்டு 67 வயல்கள் 46 ஒப்பந்தப் பகுதிகளாகத் தொகுக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. 2017 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற 31 பகுதிகளில் நெடுவாசலும் காரைக்காலும் அடங்கும். நெடுவாசல் மக்கள் உடனே போராட்டத்தில் இறங்கினர்.

அவர்கள் கேட்டதன் பொருளியலை நாம் போதிய அளவு விவாதிக்கவில்லை என்பது என் எண்ணம். எண்ணெய் வயலுக்கு மேலே நெல் வயலும் இருக்கிறது. திட்டம் தீட்டுவோரின் 'அண்டை' பட்டியலில் அது இடம்பெறுவதில்லை. செலவைக் குறைக்கும் குழாய்கள் அந்த நிலத்தின் ஊடாகத்தான் செல்கின்றன. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று கசிந்தது அத்தகைய ஒரு குழாய்தான்.

லாபத்தைக் கூட்டாகக் கணக்கிடும் நாம், பாதிப்பை மட்டும் கிணறு கிணறாகப் பிரித்துப் பார்க்கிறோம். இதன் விளைவை அறிய ஒசூர்வாசிகள் வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த நுரைக்கு இன்ன ஆலைதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்ட இயலாது. ஒவ்வொன்றும் தன் பங்கு சிறிதே என்கிறது. ஆறு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறது.

சட்டங்களும் இக்குறையைப் போக்கவில்லை. 2020 ஜனவரியில் மத்திய அரசு செய்த திருத்தத்தால், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாயிற்று. மறுமாதமே தமிழக அரசு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிப் புதிய கிணறுகளைத் தடுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், ஏற்கெனவே இயங்கும் பணிகளை அச்சட்டம் தொடவில்லை. ஆண்டுக்காண்டு வயதேறும் பழைய குழாய்களும் கிணறுகளும் வயல்களில் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு முரணும் உண்டு. கிருஷ்ணகிரியில் கருங்கல் வெட்டும் குவாரி, பாதிக்கப்படும் ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பங்கு செலுத்த வேண்டும். கனிமச் சட்டம் கனிம எண்ணெயை விலக்கிவைத்திருப்பதால், டெல்டாவின் எண்ணெய்க்கு அந்தக் கடமை இல்லை. நிலத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை மாநிலக் கருவூலத்துக்குச் செல்கிறது. குழாய் செல்லும் கிராமத்துக்கு அதில் உரிய பங்கு இல்லை.

1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டம் 2025-இல் திருத்தப்பட்டுள்ளது. குத்தகைகளை இணைப்பது, உற்பத்தி வசதிகளைப் பகிர்வது, சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் விதிகள் வகுக்க அது வழி செய்கிறது. மூன்றையும் ஒன்றாகப் பிணைப்பதே முறை. வசதிகளைக் கூட்டாகப் பயன்படுத்தும் வயல்களுக்கு, பாதிப்பு மதிப்பீடும் கூட்டாகவே நடக்கட்டும். நிலத்தடி நீரின் தரமும், ஒவ்வொரு குழாயின் வயதும் சோதனை முடிவும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் வைக்கப்படட்டும். கிணற்றை மூடி நிலத்தைச் சீராக்கும் தொகையை உற்பத்தி தொடங்கும் நாளிலேயே ஒதுக்கிவைக்கட்டும்.

இத்தனையும் சேர்த்த பிறகும் லாபம் மிஞ்சினால் அது உண்மையான லாபம். மிஞ்சாவிட்டால், இதுநாள்வரை அந்தச் செலவை விவசாயி தாங்கிவந்திருக்கிறார் என்றே பொருள்.