மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரே நாளில் புகைப்பதை நிறுத்துகிறார்கள். டாக்டர் சீட்டு கிடையாது, ஆலோசனை முகாம் கிடையாது. முந்தின நாள் ராத்திரி கடைசி பீடியை இழுத்துக் காலில் போட்டு நசுக்கியவர், விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டு குருசாமி கையால் துளசி மாலையோ உருத்திராட்ச மாலையோ போட்டுக்கொள்கிறார். அதோடு சரி. சபரிமலைக்குப் போய்த் திரும்பும்வரை பீடி, சிகரெட், மது, அசைவம் எதையும் தொடுவதில்லை. முறைப்படி இருப்பவர்களுக்கு இது ஒரு மண்டலம், 41 நாள்.

விரதம் என்பதற்காக யாரும் வேலைக்கு லீவு போடுவதில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நள்ளிரவு தாண்டி மூட்டை இறக்குகிறவர், கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு அதே மூட்டைகளைத்தான் இறக்குகிறார். ஷேர் ஆட்டோக்காரர் அதே நெரிசலில் வண்டி ஓட்டுகிறார். கொத்தனார் சாரம் ஏறுகிறார். வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார், மேஸ்திரி திட்டுகிறார், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது. “டென்ஷன்ல ஒண்ணு பத்தவச்சாத்தான் வேலை ஓடும்” என்று வருஷம் முழுக்கச் சொன்னவருக்கு, அந்த 41 நாளும் வேலை ஓடத்தான் செய்கிறது.

மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோவிலில் இந்தச் சீசன் முழுக்க ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வந்துபோகும். கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டு மலைமேல் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போய்வருவார்கள். கோபுர வாசலில் காவல் நிற்பது பதினெட்டாம்படிக் கருப்பன். அங்கே சிலை இல்லை. சந்தனம் பூசிய கதவுக்குத்தான் கும்பிடு. சபரிமலையிலும் பதினெட்டுப் படிக்குக் கீழே கருப்பசாமிக்கு இடம் உண்டு. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் கருப்பனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். கருப்பசாமிக்குச் சுருட்டு உண்டு, மாலை போட்ட சாமிக்குத்தான் இல்லை!

உடம்பு விட்டுவிடுகிறது

ரத்தத்தில் கலந்த நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வழக்கமாகப் புகைப்பவருக்கு மணிக்கொரு தரம் கை பரபரப்பதற்கும், தூங்கி எழுந்ததும் தீப்பெட்டியைத் தேடுவதற்கும் இதுதான் காரணம். ஒரேயடியாக நிறுத்தினால் முதல் சில நாட்கள் படுத்தும். எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், தூக்கம் வராது, மனசு ஒரு வேலையில் நிலைக்காது, பசி அதிகமாகும். பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இதெல்லாம் அடங்கிவிடுகிறது. மலைக்குப் போய் இருமுடியை இறக்கிவிட்டு வீடு திரும்புகிறவரின் உடம்பு, புகையை மறக்கும் வேலையில் பெரும்பகுதியை அநேகமாக முடித்திருக்கும்.

இது சாதாரண விஷயமில்லை. எந்த உதவியும் இல்லாமல் புகையிலையை விட முயல்கிறவர்களில் சுமார் 4 சதவீதம் பேர்தான் வெற்றி பெறுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்திய அரசு 2016-17இல் நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைத்தார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். புகைக்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விட்டுவிடத் திட்டமிட்டிருப்பதாகவோ யோசிப்பதாகவோ அப்போது சொன்னார்கள். ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. முதல் மூன்று நாளைத் தாண்டுவதற்குள் பலர் கவிழ்ந்துவிடுகிறார்கள். மாலை போட்டவர் அந்தக் கண்டத்தைத் தாண்டி ஆறு வாரம் நடந்துவிட்டார். பிறகு ஏன் தை மாதத்தில் மறுபடி அதே பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார்?

நீளும் கை

மாலையைக் கழற்றிய மறுநாள் காலை, டீக்கடை பெஞ்சு. “என்ன மாப்ள, மலைக்குப் போயிட்டு வந்தாச்சா? இந்தா...” என்று ஒரு கை நீள்கிறது. அதில் ஒரு சிகரெட். இத்தனை நாளும் அந்தக் கை நீளவில்லை. “சாமி” என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், அவர் வந்தால் புகையைக் கீழே போட்டார்கள், பற்றவைக்க வேண்டுமென்றால் தள்ளிப் போனார்கள். கடைக்காரர் “சாமிக்குப் பால்” என்று தனி டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். வீட்டில் பெண்கள் அவருக்காகத் தனியாகச் சமைத்தார்கள். ஊரே சேர்ந்து ஒரு மனிதனைப் புகைக்கவிடாமல் பார்த்துக்கொண்டது. மாலையோடு சேர்ந்து அந்தக் காவலும் கழன்றுவிடுகிறது.

புகைக்க வழியே இல்லாதபோது ஆசை என்ன ஆகிறது என்பதை வேறொரு பக்கத்திலிருந்து சோதித்துப் பார்த்தவர்கள் இஸ்ரேலில் இருக்கிறார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியலாளர் ரூவென் டாரும் அவருடைய குழுவினரும் புகைக்கும் விமானப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். விமானத்தில் புகைக்க முடியாது. ஐரோப்பாவுக்குப் போகும் பயணம் மூன்று முதல் ஐந்தரை மணி நேரம். நியூயார்க்குக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். நிகோடின் குறையக் குறைய ஆசை கூடும் என்றால், இரண்டு பயணத்திலும் நான்காவது மணி நேரத்தில் ஒரே அளவு ஆசை இருக்க வேண்டும். அப்படி இல்லை. குறுகிய பயணத்தில் தரை நெருங்கும்போது ஆசை உச்சத்துக்குப் போனது. நீண்ட பயணத்தில் அதே நேரத்தில் அது அடங்கியே கிடந்தது. அங்கேயும் இறங்கப் போகும் சமயத்தில்தான் எழுந்தது. ஓய்வுநாளில் புகைக்காத யூதர்களிடம் அவர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. புகைக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்த நாளில் ஆசை தலைதூக்குவது குறைவு.

நம் ஊர் ரமலான் நோன்பிலும் இதைப் பார்க்கலாம். பகல் முழுக்கக் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவருக்கு, நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் சிகரெட் நினைப்பு வருகிறது. முடியும் தேதி தெரிந்த விரதத்தில் ஆசை அந்தத் தேதிக்காகக் காத்திருக்கிறது. மாலை போட்டவருக்கு அந்தத் தேதி, குருசாமி மாலை கழற்றும் நாள். அதனால் புகையை அடியோடு விட நினைக்கும் ஐயப்ப பக்தர், தன் தெம்பையெல்லாம் கார்த்திகை முதல் தேதிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தயாராக வேண்டியது 42ஆவது நாளுக்கு.

42ஆவது நாள்

முதலில் டீ. புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபி, டீயில் இருக்கும் காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே நாலு டீக்கு ரத்தத்தில் காஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தங்கிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். “பீடி இல்லாம உடம்பு ஒரு மாதிரி பண்ணுது” என்று அவர் நினைத்துக்கொள்வார். பாதி வேலையைச் செய்வது டீயாக இருக்கலாம். டீயும் புகையும் பல வருஷமாகச் சேர்ந்தே போனவை என்பதால், கிளாஸைக் கையில் எடுத்ததுமே மற்றொரு கை சட்டைப் பையைத் தடவும். மதுரையில் இதற்கு வழி இருக்கிறது. சாயங்காலம் தெருவோரத் தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும் பருத்திப்பாலில் காஃபீன் கிடையாது. பீடி பிடித்த பழைய சகவாசமும் அதற்குக் கிடையாது.

அடுத்து, ஆசை எழும் அந்தச் சில நிமிடங்கள். ஒவ்வொரு முறையும் அது பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். மூட்டைக்காரருக்கு அது ஒரு மூட்டையை இறக்கி அடுக்கும் நேரம். ஆட்டோக்காரருக்கு ஒரு சிக்னலும் பாதித் தெருவும்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. இது பிறந்த கதை சுவையானது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத ஸ்வீடன் கடற்படையினர் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறி ஆசையைச் சமாளிப்பதை லுண்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் 1967இல் கவனித்து, ஊவே ஃபெர்னோ என்ற மருந்து வேதியியலாளருக்கு எழுதினார்கள். அதிலிருந்து அவர் உருவாக்கியதுதான் இந்த கம். வேலையை விடாமல் புகையை மட்டும் விட வேண்டிய மனிதர்களிடமிருந்து வந்த யோசனை அது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் 2 மில்லிகிராம் கம் கிடைக்கிறது. பலருக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணம், சாதா பபுள்கம் மாதிரி மென்று தள்ளுவது. நாலைந்து தரம் மெதுவாக மென்று, வாயில் காரமாகச் சுள்ளென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்; சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபியோ ஜூஸோ குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாகச் சேராது. இதய நோயாளிகளும் வேறு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது.

ஆலோசனைக்கும் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 2002இல் நாடு முழுக்க 13 புகையிலை கைவிடல் மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. இன்று அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுபவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண். 2016இல் டெல்லியில் தொடங்கிய இந்தச் சேவைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸிலும் மையம் வந்த பிறகு தமிழிலேயே பேசலாம். புகையை விடும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகும் அவர்களே கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். மாலை போட்டபோது குருசாமி பார்த்த வேலையில் ஒரு பங்கு இது.

கணக்கு

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்த கணக்கு இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்து, 2003இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மாரடைப்பும் புற்றுநோயும் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது காசநோய். புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்கள் காசநோயில் சாவது சுமார் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். பீடி லேசானது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. 2008இல் வெளிவந்த இன்னோர் இந்திய ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு வருட ஆயுளையும் சிகரெட் பிடிப்பவர்கள் பத்து வருடத்தையும் இழக்கிறார்கள்.

திரும்பக் கிடைப்பதற்கும் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, 60 வயதில் புகையை விட்டவர்களுக்கும் சுமார் மூன்று வருடம் மிச்சமாவதைக் காட்டியது. 50 வயதில் விட்டால் ஆறு, 40இல் ஒன்பது, 30இல் பத்து.

நூலில் தொங்கும் லைட்டர்

2016 ஏப்ரல் முதல் சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அந்த இலவச எண்ணும் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் இரண்டையும் பார்ப்பதில்லை. பாக்கெட் கடைக்காரர் பக்கம் இருக்கிறது, அவர் கைக்கு வருவது ஒரு குச்சி. மாலை கழற்றியவர் முழுப் பாக்கெட் வாங்கித் தொடங்குவது அபூர்வம். “ஒண்ணே ஒண்ணுதானே” என்று தொடங்குவதற்கு ஒற்றை விற்பனை தோதாக இருக்கிறது. மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றை சிகரெட், பீடி விற்பனைக்குத் தடை போட்டது.

பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் இருக்கிறது. மீறினால் 200 ரூபாய்வரை அபராதம். அந்த விதியில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: பொது இடத்துக்குப் பொறுப்பானவர் அங்கே ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது. மதுரையில் எந்த டீக்கடைத் தூணைப் பார்த்தாலும் நூலில் கட்டிய ஒரு லைட்டரோ நுனி கனியும் கயிறோ தொங்கும். விரத நாள் முழுக்க அதைத் தாண்டிப் போனவர், தை மாதம் கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டுகிற இடம் அதுதான். அதை அவிழ்த்தெடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கிற விதியே போதும். கார்த்திகைக்கு ‘சாமிக்குப் பால்’ ஆற்றிக் கொடுத்த கடைக்காரரிடம் கேட்டால், பாதிப் பேராவது மறுக்கமாட்டார்கள்.