சிக்னல் ஜம்ப் அபராதம் கட்டியாச்சு... அடுத்த வருஷம் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுமா?

சென்னை சிக்னலில் அவசரமாகக் கடந்த இரண்டு நொடி. மறுநாள் செல்போனில் இ-சலான் வந்து நிற்கிறது. அபராதத்தைக் கட்டியாச்சு. ஆனால், அடுத்த மாதம் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டுமே, இந்தச் சலானால் பிரீமியம் கூடுமா? பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது.

நேரடியான பதில்: இப்போதைய நடைமுறையில், சலான் வந்தது என்பதற்காக மட்டும் பிரீமியம் தானாக ஏறுவதில்லை. ஆனால், கதை அதோடு முடிவதும் இல்லை.

பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான 'தேர்டு பார்ட்டி'. இது சட்டப்படி கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரையுள்ள காருக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. பத்து சலான் வாங்கியவருக்கும் ஒன்றுகூட வாங்காதவருக்கும் ஒரே தொகைதான்.

இரண்டாவது, நம் வண்டியின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்'. இதை நிறுவனமே முடிவு செய்யும். காரின் மதிப்பு, வயது, பதிவான ஊர், பழைய க்ளெய்ம் ஆகியவைதான் இங்கே முக்கியம்.

உண்மையில் பிரீமியத்தை ஏற்றுவது எது?

க்ளெய்ம். ஒரு வருஷம் க்ளெய்ம் கேட்காமல் இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% தள்ளுபடி. இதுதான் 'நோ க்ளெய்ம் போனஸ்'. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25%, 35%, 45% என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50% ஆகும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் பொதுவாக இது பூஜ்யத்துக்கு வந்துவிடும். உதாரணமாக, ரூ.10,000 ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு ரூ.5,000 மட்டும் கட்டியவர், மறு வருஷம் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ஆக, சிக்னல் மீறலுக்கு வந்த சலான் போனஸைத் தொடாது. அதே மீறலில் இடித்துவிட்டு க்ளெய்ம் போட்டால் போனஸ் போய்விடும்.

சலானையும் பிரீமியத்தையும் இணைக்கும் திட்டம் என்ன ஆச்சு?

2021 ஜனவரியில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த பணிக்குழு ஒரு பரிந்துரையை வெளியிட்டது. ஒவ்வொரு விதிமீறலுக்கும் புள்ளிகள்: குடித்துவிட்டு ஓட்டினால் 100, தவறான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10. புள்ளி கூடக்கூட தனியாக 'விதிமீறல் பிரீமியம்' கட்ட வேண்டும். முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றது அந்தக் குழு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் டிக்கெட் வாங்கினால் பிரீமியம் ஏறுவது ஏற்கெனவே வழக்கம். இங்கே அது நாடு முழுவதற்குமான கட்டாய விதியாக வரவில்லை.

ஆனால் 2022 ஜூலையில், ஓட்டும் விதத்தைப் பார்த்து கட்டணம் நிர்ணயிக்கும் பாலிசிகளுக்கு ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்தது. அப்படிப்பட்ட பாலிசி எடுத்தவர்களுக்கு வேகமும் திடீர் பிரேக்கும் கணக்கில் வரலாம்.

லைசென்ஸுக்கு என்ன ஆகும்?

பணத்தோடு போகாத தண்டனை இங்கேதான். அதிவேகம், சிவப்பு சிக்னல் மீறல், போனில் பேசியபடி ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களிடம் சொல்லிவிட்டது. ஆர்டிஓ முடக்கினால் அது லைசென்ஸ் பதிவிலும் ஏறும்.

அந்த மூன்று மாதத்தில் 'பக்கத்துத் தெரு வரைக்கும்தானே' என்று காரை எடுத்தால்? விபத்து நடந்தால் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று சொல்லி க்ளெய்மை நிராகரிக்கலாம்.

பெரிய அடி எங்கே விழும்?

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை ரூ.10,000 வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. அதைவிடப் பெரிய தொகை பின்னால் இருக்கிறது. போதையில் ஓட்டி விபத்து நடந்தால் நம் காரின் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காது. எதிரில் வந்தவருக்கு இழப்பீட்டை முதலில் நிறுவனம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. உயிரிழப்பு என்றால் அது பல லட்சம். வீட்டை விற்று அடைக்க வேண்டிய கடனாகவும் மாறலாம்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும்.

இப்போது என்ன செய்யலாம்?

• பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா சலான் ஓட்டியவருக்கு அல்ல, உரிமையாளர் பெயருக்கே வரும். காரை இரவல் கொடுத்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.
• பழைய கார் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.
• சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடும் முன், ரிப்பேர் செலவையும் இழக்கப்போகும் போனஸையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.
• பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால், சேர்த்த போனஸ் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம்.

சலான் பிரீமியத்தை ஏற்றவில்லை என்பது ஓர் ஆறுதல்தான். ஆனால், அதே தவறு விபத்தில் முடிந்தால், இத்தனை வருஷம் கட்டிய பாலிசியே கைகொடுக்காமல் போகலாம்.