நகம் வெட்டும் கைகள்

அன்றாட விசுவாசம் – 9

சென்ற வாரம் மன்னிப்புக் கேட்பதைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்க நமக்கு ஏன் வாய் வருவதில்லை? இறங்க மனம் இல்லாததால்தான். ஆகவே இந்த வாரம் தாழ்மை.

பெங்களூரில் எங்கள் மர்பி டவுனில் இந்தச் சொல்லைக் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே, பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டியிருக்கும் இந்தக் குடியிருப்புக்கு முன்பு நாக்ஸ்பேட்டை என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயர் பிறகு வந்தது. 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்த நாள் தொட்டு, தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள் ஏராளம். பட்டாளத்துக்குச் சமைத்தார்கள், மூட்டை சுமந்தார்கள், வீதி பெருக்கினார்கள். அவர்களில் பலருக்குத் தாழ்மையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யத் தேவையிருக்கவில்லை. ஊரே அவர்களைத் தாழ்த்தித்தான் வைத்திருந்தது.

தாழ்த்துவது வேறு, தாழ்மை வேறு. பிறரைக் கீழே தள்ளுவது பாவம். உயரத்தில் இருப்பவன் தானே இறங்கி வருவது தாழ்மை. இந்த வேறுபாட்டைத் திருச்சபையே மறந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளும் இடையில் ஒரு சுவரும் இருந்தன. 1910-ல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். சிலுவையின் கீழே நின்றுகொண்டு, யாரும் யாரையும் தாழ்த்தலாகாது. அந்த அநியாயத்தைப் பொறுத்துப்போவதும் தாழ்மை ஆகாது.

இயேசு செய்தது என்ன? கடைசி இராப்போசனத்தில் மேலாடையைக் கழற்றி வைத்தார். இடுப்பில் துண்டைக் கட்டினார். சீடர்களின் கால்களைக் கழுவினார். வேலைக்காரன் செய்கிற வேலையைக் குருவே செய்தார். ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நம் கோவில்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு செம்பு, ஒரு தாம்பாளம், வெள்ளைத் துவாலை. போப் பிரான்சிஸ் 2013 மார்ச் 28 அன்று இதே சடங்கை ரோம் நகரின் இளையோர் சிறைக்குக் கொண்டுபோனார். அன்று அவர் மண்டியிட்டுக் கழுவிய கால்களில் ஒரு முஸ்லிம் பெண்ணின் கால்களும் உண்டு. நாமோ, கழுவப்போகும் காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறோம். உண்மையாகவே கழுவ வேண்டிய கால்கள் கோவிலுக்கு வெளியே காத்திருக்கின்றன.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரில் தங்கித் தமிழ் படிக்கத் தொடங்கினார். பிறகு திருநெல்வேலி போனார். இந்துக் கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்கு 1901 முதல் டோனாவூரில் வீடு அமைத்தார். சுவிசேஷம் சொல்ல வந்தவருக்குக் கிடைத்த வேலை, குழந்தைகளுக்குப் பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது. இதற்காகவா வந்தோம் என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. ஆண்டவரே துண்டு எடுத்தவர் அல்லவா என்ற நினைவில் அது அடங்கியது. சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951-ல் டோனாவூரிலேயே கண் மூடினார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் நீர் குடிக்க அங்கே ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்.

இந்த நகம் வெட்டும் வேலையை நான் எங்கள் தெருவிலும் பார்த்தேன். ஓய்வு பெற்ற மகன், படுக்கையிலிருக்கும் தகப்பன். சர்க்கரை நோயில் வீங்கிய கால்களை மகன் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீரில் ஊறவைக்கிறார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். பிறகு, கல்லாய் இறுகிய நகத்தைத் துளித்துளியாக வெட்டுகிறார்.

"மெதுவாடா, வலிக்குது."

"சரிப்பா, முடிஞ்சிடுச்சு."

நன்றி என்று ஒரு வார்த்தை அங்கே வரவில்லை, வசவுதான் வந்தது. ஞாயிறு ஆராதனையில் அந்த மகனும் நம்மோடுதான் உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை.

தாழ்மை இப்படித்தான் பழகும். அதைப் பழக நம் நாக்கிலேயே இடம் இருக்கிறது. தெரு பெருக்க வரும் அம்மாவை, வயதில் மூத்தவராக இருந்தும், "நீ, வா, போ" என்கிறோமா? நாளை முதல் "வாங்கக்கா" என்று சொல்லிப் பார்ப்போம். வீட்டு வேலைக்கு வருபவருக்கு நாம் குடிக்கிற அதே டம்ளரில் காபி கொடுப்போம். பிள்ளையைத் தவறாக அடித்துவிட்டால், "அப்பா செஞ்சது தப்புய்யா" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வோம். சபைக் கமிட்டியில் பதவி போனாலும், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை நாமே மடக்கி அடுக்குவோம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி. உங்கள் வீட்டில் யாரும் தொட விரும்பாத வேலை எது என்று பாருங்கள். ஏழு நாளும் அதை நீங்கள் செய்யுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

(தொடரும்)