வீட்டிலே வறுத்த காப்பி

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் அரக்கோணம் கடந்து, திருத்தணியும் பின்னிட்ட பிறகு, புத்தூர் நிலையம் வருகிறது. பிழைப்பை நாடி வடக்கே சென்ற தமிழருள் பலர் இந்நிலையத்தின் பெயர்ப்பலகையை வண்டியின் சன்னல் வழியே பார்த்திருப்பர். இங்கிருந்து சில கல் தொலைவில் உள்ளது நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணம் புரிந்த தலம் என்று புராணம் போற்றும் ஊர். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலாலும் கைத்தறியாலும் பெயர் பெற்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இவ்வட்டாரம் முழுவதும் அதனுள் அடங்கிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பெற்றுத் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. புத்தூரும் நாராயணவனமும் அங்கேயே நின்றன. ஆகவே இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள், சொந்த வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடியும் பெயராமலே, நம்மைப் போன்று வெளிமாநிலத் தமிழராகிவிட்டன.

நாராயணவனத்தில் காப்பி விளைவதில்லை. அது வேர்க்கடலை விளையும் வெயில் பூமி. ஆயினும் அவ்வூரில் நம் அத்தை ஒருவர் இல்லத்தில், காப்பிப் பொடி என்பது கடையில் வாங்கும் பண்டமாக என்றுமே இருந்ததில்லை. பச்சைக் கொட்டையைத் தருவித்துத் தகர டின்னில் சேமித்து வைத்திருப்பார். வாரம் ஒரு நாள் வறுப்பார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் விடியற்காலையில் அரைப்பார். வறுப்பதற்கு இரும்புத் தகட்டாலான உருளை ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு கம்பி ஊடுருவிச் செல்லும். கம்பியின் நுனியிலே கைப்பிடி. கரியடுப்பின்மீது அதனைக் கிடத்தி இடைவிடாது சுழற்றுதல் வேண்டும். விடுமுறைக்கு வந்த விருந்தினர் என்பதற்காக நம்மை அப்பணி விட்டதில்லை. ‘கையை நிறுத்தாதேடா, ஒரு பக்கம் தீய்ந்துவிடும்’ என்று கூடத்திலிருந்து குரல் வரும். உருளையைத் திறந்து பாராமலே, மூக்கினால் மட்டும் அவர் பதம் அறிவார்.

இதனைப் பழமைப் பிடிவாதம் என்று சிலர் எண்ணலாம். அன்று, அதற்குத் தக்க காரணம் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அக்காரணம் பெரிதும் பயன்படுவது.

விடுமுறை முடிந்து தில்லிக்கோ அகமதாபாத்துக்கோ திரும்புகிறவர் பெட்டியில் இரண்டு கிலோ காப்பிப் பொடி தவறாமல் இடம் பெறுகிறது. முதல் வாரம் அது அமிர்தம். மூன்றாம் வாரம் காப்பி என்னும் பெயர் மட்டும் எஞ்சுகிறது. உடனே தண்ணீரைக் குறை கூறுகிறோம். எருமைப் பாலைக் குறை கூறுகிறோம். இல்லாளின் கைப்பக்குவத்தைக் குறை கூறும் துணிச்சல்காரரும் உளர். குற்றம் பெரும்பாலும் இவற்றுள் எதனுடையதும் அன்று, கடந்துபோன நாட்களினுடையது.

பச்சைக் கொட்டைக்கு மணம் கிடையாது. முகர்ந்து பார்த்தால் உலர்ந்த புல்லின் வாசனைதான் வரும். நாம் காப்பி மணம் என்று கொண்டாடுவது முழுவதும் நெருப்பிலே பிறப்பது. வறுபடும்போது கொட்டையிலுள்ள சர்க்கரையும் புரதக்கூறுகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. அவற்றுள் பல, காற்றிலே கலந்து ஓடிப்போகும் இயல்பின. எஞ்சியவற்றைக் காற்றிலுள்ள பிராணவாயு கெடுத்துவிடுகிறது. முழுக் கொட்டையாக இருக்கும்வரை அதன் உடலே அதற்குக் காப்பு. பொடித்துவிட்டாலோ, காற்றுப் படும் பரப்புப் பன்மடங்காகிறது. ஆதலின் பச்சைக் கொட்டை ஈரமின்றி வைக்கப்பெற்றால் ஆறு மாதத்துக்கு மேலும் தாங்கும்; வறுத்த கொட்டை மூன்று நான்கு வாரம் தாங்கும்; பொடி சில நாட்களே தாங்கும். ஊரிலிருந்து சுமந்து செல்ல வேண்டியது பொடியன்று, பச்சைக் கொட்டையே என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் ‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்றொரு சொல் நகரங்களில் அடிபடுகிறது. 1974இல் எர்னா நட்சன் என்னும் அமெரிக்க வணிக அம்மையார் வழங்கிய சொல் அது. தனித்த நிலவளமும் தட்பவெப்பமும் தனித்த சுவையைத் தரும் என்பது அதன் கருத்து. இன்று, பயிற்சி பெற்ற சுவைஞர் பருகிப் பார்த்து 100க்கு 80 புள்ளியும் அதற்கு மேலும் தரும் கொட்டையை இப்பெயரால் அழைக்கின்றனர். பெயர் புதிது, ஆனால் எந்தத் தோட்டத்துக் கொட்டை, என்று வறுத்தது என்று கேட்கும் வழக்கம் நம் பாட்டிமார்க்குப் புதிதன்று. முதற்கேள்விக்குத்தான் நெடுங்காலம் விடை கிடைக்காமல் இருந்தது. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்கீழ், தோட்டக்காரர் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே தரம் பார்த்து ஒன்றாகக் கலந்த பின், எந்த மலையில் எவர் விளைவித்தது என்பது மறைந்துபோகும். இம்முறை 1990களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முடிவுற்றது. தோட்டத்தின் பெயரும் மலையின் உயரமும் பையின்மேல் அச்சாகத் தொடங்கியது அதற்குப் பிறகே.

நாராயணவனத்தார்க்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு. அவர்களுடைய மாநிலத்தின் வடகோடியில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அரக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பழங்குடி மக்கள் சிறு சிறு நிலங்களில், மர நிழலில் மிளகுக் கொடிகளோடு காப்பி வளர்க்கின்றனர். 2017இல் பாரிஸ் நகரத்தில் அக்காப்பிக்கெனத் தனிக்கடை திறக்கப்பெற்றது. 2019இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி அராபிகா வகைகளும் வயநாட்டு ரோபஸ்டாவும் அவ்வாண்டே அதனைப் பெற்றன. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேசம் தன் மாவட்டங்களை மாற்றி அமைத்தது. அன்று அரக்கு, அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தைச் சேர்ந்தது; நாராயணவனம் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. காப்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பீர்கள். ஒரே நாளில் முகவரி மாறியவர்கள் என்ற உறவு போதாதா?

இனி வறுக்கும் முறையைக் காண்போம். உருளை இக்காலத்தில் எளிதிற் கிடைப்பதன்று. அடி கனத்த இரும்பு வாணலி போதும். கடையில் பிளாண்டேஷன் ஏ, பீபரி என்று கேட்டால் தருவார்கள். கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பருமனான கொட்டை முன்னது. பழத்தினுள் வழக்கமான இரண்டு விதைக்கு மாறாக ஒன்றே உருண்டு திரண்டிருப்பது பின்னது. உருண்டையாதலின் வாணலியில் நன்கு புரண்டு சீராக வறுபடும். புதிதாய்த் தொடங்குவோர்க்குப் பீபரியே உகந்தது என்பது நம் கருத்து. வறுக்குமுன் கறுத்தவற்றையும் பூச்சி துளைத்தவற்றையும் சிறு கல்லையும் பொறுக்கி எறிதல் வேண்டும். ஒரு கெட்ட கொட்டை ஒரு வேளைக் காப்பியைக் கெடுக்கும்.

வாணலி நன்கு சூடேறியபின் 100 அல்லது 150 கிராம் கொட்டையை இட்டு, நடுத்தரத் தீயில் மரக்கரண்டியால் ஓயாமல் கிளறுக. கொட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். முதலில் அது வெளியேறும். பச்சை நிறம் வெளுத்து மஞ்சளாகும். புல்வாசனை போய், ரொட்டி சுடும் வாசனை வரும். பின்னர்ப் பழுப்பேறும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில், கொட்டையின் சூடு 200 டிகிரி செண்டிகிரேடை நெருங்கும்போது, உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையை உடைத்துக்கொண்டு படபடவென்று ஒலிக்கும். இவ்வொலியைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் ‘முதல் வெடிப்பு’ என்று எழுதி, மனம் ஒப்பாமல் அடித்தோம். நெல் பொரிவதை அறிந்த அத்தையோ, ‘பொரிந்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதுவே பொருத்தமான சொல்.

பொரிந்து ஓய்ந்த அளவில் இறக்கினால் புளிப்பும் பழச்சுவையும் மிகும். பாலின்றிப் பருகுவார்க்கு அது ஏற்றது. பாலும் சர்க்கரையும் சேர்க்கும் நம் வழக்கத்துக்கு இன்னும் இரண்டொரு நிமிடம் வேண்டும். இரண்டாம் முறை மெல்லிய ஒலி கேட்கும் தறுவாயில், நிறம் பழுத்த புளியம்பழத் தோட்டை ஒத்திருக்கையில், தயங்காமல் இறக்கிவிடுக. கொட்டையின் மேல் எண்ணெய் மின்னத் தொடங்கினால் காலம் கடந்தது என்று பொருள். அதற்கு மேல் வறுப்பது கரிக்கடைக்காரர் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் சன்னலைத் திறந்து வைத்தே வறுத்தல் நலம். புகை சிறிது எழும். அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பர் எதுவோ தீப்பற்றிற்று என்று ஓடிவர நேரலாம். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிடுவதே வழி.

இறக்கியதும் ஆற்றுவதில் தாமதம் கூடாது. கொட்டையின் உட்சூடே அதனை மேலும் வறுத்துவிடும். இதற்கு முறத்தை விஞ்சிய கருவியை எந்த நாட்டு வல்லுநரும் கண்டதில்லை. முறத்திற் கொட்டிப் புடைத்தால் சூடும் தணியும். கொட்டையினின்று உரிந்த சருகு போன்ற மெல்லிய தோலும் பறந்துபோகும். 100 கிராம் பச்சைக் கொட்டை ஏறத்தாழ 85 கிராமாகக் குறைந்திருக்கும். கடைக்காரர் வறுத்துத் தரும்போது எடை குறைவதைக் கண்டு ஐயுறுவோர் இதனை அறிதல் நன்று. அன்றே அரைத்துவிடுவதும் தகாது. புதிதாக வறுத்த கொட்டையினுள் கரியமில வாயு நிறைந்திருக்கும். பொடியின்மேல் நீர் ஊற்றியதும் அது நுரைத்தெழுந்து, நீரைப் பொடிக்குள் புகவிடாமல் தடுக்கும். ஒரு நாளேனும் டின்னில் அடங்கிக் கிடந்தால் சாறு ஒழுங்காய் இறங்கும்.

சிக்கரியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. சிக்கரி காப்பி அன்று. ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பொடித்தது. அதில் காப்பியின் ஊக்கப்பொருளாகிய காபின் இல்லை. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். நீரை மெல்ல இறங்கச் செய்யும். பொடியின் விலையையும் குறைக்கும். கலவைப் பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், கலந்த அளவைப் பொட்டலத்தின்மீது குறிக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. அவ்வெண்ணைப் படித்துப் பார்த்தே வாங்குக. நம் நாட்டில் சிக்கரி மிகுதியும் விளைவது குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பக்கத்திலும் ஆம். ஜாம்நகரிலிருந்து சென்னைக்குப் போன வேர், பொடியாகி, அகமதாபாத் தமிழர் பெட்டியிலே மீண்டும் குஜராத்துக்கு வருகிறது! ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி சேர்ப்போரை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் நல்ல தோட்டத்துக் கொட்டையைத் தேடி வாங்கி, வியர்வை சிந்தி வறுத்து, அதன் தனிச்சுவையைச் சிக்கரியால் மறைப்பது வீண் செலவு.

டிகாக்ஷன் இறக்குவது எல்லார்க்கும் தெரிந்ததே எனினும், அளவில் பலர் தவறுகின்றனர். பித்தளையோ எவர்சில்வரோ, பில்டரின் மேல் அடுக்கு நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் பொடி துளைகளை அடைத்துக்கொள்ளும். பொடி மாவாக இராமல், மெல்லிய ரவையினும் சற்று நுண்ணியதாக இருக்கட்டும். 25 கிராம் பொடியிட்டு, குடைத்தட்டால் மெல்லப் பரப்புக. அழுத்திவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் பொடி நனையுமளவு மட்டும் வட்டமாக ஊற்றுக. ஊறியபின் எஞ்சியதைச் சேர்த்து, மொத்தம் 150 மில்லியளவில் நிறுத்துக. பொடி தன் எடையைப் போல் இருமடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். மீதி 100 மில்லி, கால் மணி இருபது நிமிடத்தில் கள்ளிச்சொட்டாக இறங்கும். மூவருக்கு அது தாராளம். இரண்டாம் டிகாக்ஷனில் கசப்பன்றி வேறு எதுவும் மிச்சமிராது. விருந்தினர் எண்ணிக்கை திடீரென்று பெருகினாலன்றி அதனை நாடுவதில்லை என்பது அத்தை வீட்டு வழக்கம்.

வடநாட்டு நகரங்களில் ஆழ்குழாய் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிக்கதாய் இருப்பதுண்டு. அத்தகைய நீர் காப்பியின் இனிய புளிப்பை மழுக்கிவிடும். அதற்கு அஞ்சி, இயந்திரத்தில் வடிகட்டி உப்பை அறவே நீக்கிய நீரை ஊற்றினாலோ சாறு சாரமற்றுப் போகிறது. கொட்டையிலிருந்து சுவையை இழுத்துவர நீரில் சிறிதளவு தாது வேண்டும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து பார்த்து, நாவுக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும் கொள்க.

அடுத்த முறை ஊர் சென்று திரும்புகையில், ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை என்று கணக்கிட்டால் நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பெரும்பாலும் போதும். துணிப்பையில் கட்டி, வீடு சேர்ந்ததும் காற்றுப் புகாத டின்னுக்கு மாற்றி, மழைக்காலத்தில் ஈரச்சுவரை ஒட்டி வைக்காமல் காப்பாற்றுக. குளிர்பெட்டியில் வைக்க வேண்டா. வெளியே எடுக்கும்போதெல்லாம் நீர்த்துளி கோக்கும். வறுத்த கொட்டைக்குத் தனி டின், அதன் மூடிமேல் வறுத்த தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அலுவலகக் கோப்புகளில் தேதியிட்டுப் பழகிய கைக்கு இது கடினமாக இராது.