நான், நாம், நாங்கள்

தமிழாசிரியராக இருப்பதோடு மாணவர் தலைவர்களை வழிநடத்தும் பொறுப்பும் எனக்கு உண்டு. அதனால் ஆண்டுதோறும் ஒரு கட்டு அறிக்கைகள் என் மேசைக்கு வரும். நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டுக் குழுத் தலைவர்கள் எழுதிக் கொடுப்பவை அவை. நிகழ்ச்சி சிறப்பாக நடந்திருந்தால் அறிக்கை, “என் தலைமையில்” என்று தொடங்கும். எங்காவது சறுக்கியிருந்தால் வாக்கியத்தின் போக்கே மாறிவிடும். “ஒலிவாங்கி சரிபார்க்கப்படவில்லை.” “நேரம் கடந்துவிட்டது.” “பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை.”

சரிபார்க்காதவர் யார்? தெரிவிக்காதவர் யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. வகுப்பில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் திணறும் மாணவர்கூட, இந்த இடத்தில் அதைப் பிழையின்றிக் கையாள்கிறார்!

இது மாணவர்களிடம் மட்டும் காணப்படும் பழக்கம் அன்று. பெரியவர்களிடமிருந்துதான் அவர்கள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். கண்ணாடிக் குவளை கைதவறி விழுந்தால் “உடைத்துவிட்டேன்” என்று சொல்பவர்களைவிட, “உடைந்துவிட்டது” என்று சொல்பவர்களே வீட்டிலும் அலுவலகத்திலும் அதிகம்.

பணிவான தலைவர் என்றதும் குனிந்த தலையும் மெல்லிய குரலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பணிவை நான் வேறோர் இடத்தில் தேடுகிறேன். ஒருவர் எப்போது ‘நான்’ என்கிறார், எப்போது ‘நாம்’ என்கிறார், எப்போது மற்றவரின் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். அவருடைய பணிவு உண்மையானதா என்பது தெரிந்துவிடும்.

திருத்தப்பட்ட இரண்டு இடங்கள்

இதற்கு நான் வகுப்பில் அடிக்கடி காட்டும் சான்று, ஒரு சிறு துண்டுத்தாள். எழுதியவர் ஒரு போர்த் தளபதி.

1944 ஜூன் மாதம். ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகளை இறக்கும் திட்டம் தயாராக இருந்தது. தலைமைத் தளபதி டுவைட் ஐசன்ஹோவர், அமெரிக்கர். ஜூன் 5ஆம் தேதி இறங்க வேண்டிய படைகள் மோசமான வானிலையால் ஒரு நாள் காத்திருந்தன. மறுநாள் இறங்கலாம் என்று ஐசன்ஹோவர் முடிவெடுத்தார். ஜூன் 6ஆம் தேதி சுமார் 156,000 வீரர்கள் ஐந்து கடற்கரைப் பகுதிகளிலும் வான்வழியாகவும் இறங்கினார்கள்.

அதற்கு முன்பே, தாக்குதல் தோற்றுப்போனால் வெளியிடுவதற்காக ஐசன்ஹோவர் தம் கைப்பட ஓர் அறிக்கையை எழுதி வைத்துக்கொண்டார். மொத்தம் நான்கே வாக்கியங்கள். படைகள் காலூன்ற முடியவில்லை என்கிறது முதல் வாக்கியம். கிடைத்த தகவல்களில் சிறந்தவற்றைக் கொண்டே முடிவெடுக்கப்பட்டது என்பது இரண்டாவது. தரைப்படையும் விமானப்படையும் கடற்படையும் வீரத்தாலும் கடமையுணர்வாலும் இயன்ற அனைத்தையும் செய்தன என்பது மூன்றாவது. பழி ஏதும் இருந்தால் அது என் ஒருவனையே சேரும் என்பது கடைசி வாக்கியம்.

இதைவிட என்னைக் கவர்ந்தவை அந்தத் தாளில் இருக்கும் அடித்தல்கள். படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில்தான் அவர் முதலில் எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றினார். அடுத்த வரியில் ‘இந்த நடவடிக்கை’ என்று தொடங்கியதை அடித்துவிட்டு, ‘தாக்குவது என்ற என் முடிவு’ என்று எழுதினார். இரண்டு திருத்தங்களும் ஒரே திசையில் செல்கின்றன. பொறுப்பு யாருடையது என்று சொல்லாமல் விட்ட இரண்டு இடங்களிலும் அவர் தம்மைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவருக்கும் செயப்பாட்டுவினைதான் முதலில் வந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பொறுப்பேற்பது யாருக்கும் இயல்பாக வந்துவிடுவதில்லை. எழுதியதைத் திரும்பப் படித்து, அடித்து, மாற்றி எழுதும்போதுதான் அது பழக்கமாகிறது.

தாக்குதல் வெற்றி பெற்றதால் அந்தத் தாளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதில் ஜூன் 5 என்பதற்குப் பதிலாக ஜூலை 5 என்று தேதியிட்டிருந்தார் ஐசன்ஹோவர். அன்று அவர் மனத்தில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி.

கெட்ட செய்தி மேலே வர வேண்டும்

பழியை ஏற்றுக்கொள்வது நல்ல குணம்தான். அதனால் வேலை நன்றாக நடந்துவிடுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடை அதே ஜூன் மாதத்தில் இருக்கிறது.

ஐசன்ஹோவரைச் சுற்றி இருந்தவர்கள் படைத்தளபதிகள், கடற்படைத் தளபதிகள், விமானப்படைத் தளபதிகள். அந்த அறைக்குள் வானிலையைச் சொல்ல வந்தவர் ஜேம்ஸ் ஸ்டாக் என்ற ஸ்காட்லாந்து வானிலை ஆய்வாளர். போருக்காக விமானப்படைப் பதவி தரப்பட்டவர் அவர். படகுகளில் வீரர்கள் ஏறிவிட்ட நிலையில், சில கப்பல்கள் கடலில் செல்லத் தொடங்கிவிட்ட நிலையில், காற்றும் மேகமும் சரியில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். தாக்குதல் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 4ஆம் தேதி இரவு, இடையில் சிறிது நேரம் வானிலை தெளியும் என்றும் அவரே வந்து சொன்னார். அதை நம்பித்தான் ஐசன்ஹோவர் முடிவெடுத்தார். அன்று தயங்கியிருந்தால், அலையின் ஏற்ற இறக்கம் மீண்டும் பொருந்திவர ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அந்த நாள்களில்தான் கடும் புயல் ஒன்று அந்தக் கடலைத் தாக்கியது.

பணிவு பயன்தருவது இங்கேதான். தலைவர் கோபப்படுவார், பழியை நம் மீது போடுவார் என்று குழு அஞ்சினால், கெட்ட செய்தி அவரிடம் வந்து சேராது. செய்தி வராத தலைவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்தான். திருக்குறளின் பொருட்பாலில், அரசனுக்குரியவற்றைச் சொல்லும் அரசியல் பகுதியில், ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தன்னைத் திருத்தக்கூடியவர்களை அருகில் வைத்துக்கொள்வது ஆளுபவருக்கு அலங்காரம் அன்று, பாதுகாப்பு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாரையும் கேட்ட பிறகு முடிவெடுத்தவர் ஐசன்ஹோவர்தான். “எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவர் நழுவவில்லை. மாணவர் குழுக்களில் இந்த நழுவலைப் பணிவு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் முடிவெடுக்கத்தான் வேண்டும்.

ஒலிவாங்கியைக் கைமாற்றியவர்

தோல்வியில் ‘நான்’ என்பதைப் பார்த்தோம். வெற்றியில் என்ன செய்வது? அதற்கு நார்மண்டியை விட்டு, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வருவோம்.

1979 ஆகஸ்ட் 10. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் எஸ்எல்வி-3 ஏவூர்தி புறப்பட்டுச் சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கணினி எச்சரித்த பிறகும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு ஏவும்படி ஆணையிட்டவர் தாம்தான் என்று அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று செய்தியாளர்கள் முன் அமர்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்று, தம் குழு வெற்றிபெறும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார். 1980 ஜூலை 18ஆம் தேதி அதே வகை ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும்படி தவான் கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையை நீங்கள் முன்பே கேட்டிருக்கலாம். தவானின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். ஏமாற்றத்தோடு காத்திருந்தவர்கள் முன் அமர்ந்தவருக்கு, ஓராண்டு கழித்துக் கைதட்டல் கேட்கும் நாளில் ஒதுங்கி நிற்பது எளிதாக இருந்திருக்குமா?

தமிழ் தரும் வசதி

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. செயற்குழுவினர் உறுப்பினர்களைப் பார்த்து, “நாங்கள் முடிவு செய்துவிட்டோம்” என்று சொல்லும்போது அறைக்குள் ஒரு வேலி எழும்புகிறது. “நாம் என்ன செய்யலாம்?” என்றால் வேலி இல்லை.

ஆனால் ‘நாம்’ எல்லா இடத்திலும் நல்ல சொல் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் எடுத்த முடிவு தவறிப்போன பிறகு, “நாம் எல்லாரும் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று அவர் சொன்னால், பழியை முப்பது பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார் என்று பொருள். அங்கே ‘நான்’ என்பதே பணிவான சொல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். நடுக்காட்சியில் மேடை விளக்குகள் அணைந்துபோயின. விளக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தவன் உயர்நிலை 1 மாணவன். மறுநாள் கூட்டத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். குழுத் தலைவி எழுந்து, “ஒத்திகையில் விளக்குகளைச் சோதிக்க வைத்திருந்த நேரத்தை நடனத்துக்குக் கொடுத்தது நான்” என்றார். அடுத்து, இருட்டிலும் வசனத்தை விடாமல் பேசிய இருவரின் பெயர்களைச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறு ஆண்டு ஒத்திகையின்போது, “அக்கா, இந்தக் கம்பி சூடாகிறது, நிறுத்திவிட்டுப் பார்ப்போமா?” என்று முதலில் கை தூக்கியவன் அதே மாணவன்தான்.

படிவத்தில் என்ன எழுதுவது?

“எல்லாம் சரி, ஆசிரியரே. விண்ணப்பப் படிவம் ‘நீ என்ன சாதித்தாய்?’ என்றுதானே கேட்கிறது?” இதுவும் மாணவர்கள் கேட்பதுதான். இணைப்பாட நடவடிக்கைகளுக்கான மதிப்பீட்டில் தலைமைத்துவம் தனிப் பிரிவாக இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேர்காணலுக்குச் செல்லும்போது தன்னைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

பேசத்தான் வேண்டும். செய்ததை மறைப்பது பணிவு அன்று. உள்ளதை உள்ள அளவில் சொல்வதுதான் பணிவு. “200 பேர் கலந்துகொண்ட விழாவை நடத்தினேன்” என்று எழுதுவதைவிட, “விழாவின் நேர அட்டவணையை நான் வகுத்தேன், மேடையைக் கவனித்தவர்கள் நால்வர், பாதியில் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தபோது முடிவெடுத்தது நான்” என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் ஒரு மனிதர் வேலை செய்வது தெரிகிறது. கேள்வி கேட்டால் அவரால் விடை சொல்லவும் முடியும்.

பழகிப் பாருங்கள்

என் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்பவை மூன்று.

முதலாவது, கூட்டத்தில் வயதில் இளையவரை முதலில் பேச விடுங்கள். தலைவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குத் தலையாட்டும் வேலை மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, நன்றி சொல்லும்போது பெயரையும் செயலையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அனைவருக்கும் நன்றி” என்பது யார் காதிலும் தனியாக விழுவதில்லை. “நாற்காலிகள் போதாதபோது பக்கத்து வகுப்பறைகளிலிருந்து தூக்கி வந்தவர்கள் இவர்கள்” என்று பெயர் சொன்னால், அவர்கள் அதை நெடுநாள் மறக்கமாட்டார்கள்.

மூன்றாவது, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஐசன்ஹோவரைப் போல நான்கு வாக்கியம் எழுதுங்கள். நாளை இது தோற்றுப்போனால் நான் என்ன சொல்வேன்? எழுதும்போதே, இன்னும் எதைச் சோதிக்கவில்லை, யாரிடம் கேட்கவில்லை என்பது தெரியவரும். அதைச் சரிசெய்ய ஓர் இரவு உங்கள் கையில் இருக்கும்.

உங்களில் சிலர் புதிதாகப் பொறுப்பேற்கப் போகிறீர்கள், சிலர் ஒப்படைக்கப் போகிறீர்கள். நீங்கள் கடைசியாக எழுதிய அறிக்கையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிடுங்கள். ‘சரிபார்க்கப்படவில்லை’, ‘விடுபட்டுவிட்டது’ என்று வரும் இடங்களில் எழுவாய் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். சில இடங்களில் உங்கள் பெயர் வரும். அந்த வாக்கியங்களை அடித்துவிட்டு மாற்றி எழுதி, அதன்பின் ஆசிரியரிடம் கொடுங்கள்.